மருதம்பட்டைத் தீநீரும் பிரிக்காத மாத்திரை அட்டைகளும்: ஒரு வீட்டு வாலையின் ஐந்து மாதங்கள்

யார், எங்கே

கடலூரை ஒட்டிய கடலோர மணற்பாங்கான கிராமம் ஒன்றில், வேரையும் பட்டையையும் வீட்டிலேயே கொதிக்கவைத்து ஆவிநீர் வடிக்கப்போய் நடந்தது இது. அந்தப் பக்கம் வெட்டிவேர் பணப்பயிர். மணலில் வேர் நன்றாக இறங்கும், தோண்டும்போதும் அதிகம் அறுபடாது. இந்தக் குடும்பத்துக்கு அரை ஏக்கர் வெட்டிவேர் உண்டு. தை, மாசியில் தோண்டி, அலசி, கட்டுக் கட்டி வியாபாரிக்குப் போடுவார்கள். நீள வேருக்குத்தான் விலை. அறுந்த துண்டு வேர் கோணியில் கட்டித் திண்ணையில் கிடக்கும். குடிதண்ணீர்ப் பானையில் ஒரு பிடி போடுவார்கள், மீதி வீண்.

வீட்டில் நான்கு பேர்: கணவன், மனைவி, 14 வயது மகள், கணவரின் அப்பா. பெரியவருக்கு 71 வயது. அந்தக் காலத்தில் நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். ஒன்பது வருடமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நான் அடுத்த தெரு. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பெயர் போடாமல் எழுதலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

மாசி: வாலை அமைத்தோம்

துண்டு வேரை என்ன செய்யலாம் என்று மருமகள் என்னிடம் கேட்டார். தீநீர் வடிக்கலாம் என்றேன். ஓமவாட்டர் தெரியாத வீடு கிடையாது. அதன் பழைய பெயர் ஓமத் தீநீர். ரோஜாவில் வடிப்பது பன்னீர். எல்லாம் ஒரே வேலைதான்: கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து, சொட்டுவதைப் பிடிப்பது. சித்த மருத்துவர்கள் இதற்கு வாலை என்ற கலத்தை வைத்திருந்தார்கள்.

எங்கள் வாலை 12 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரம். நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு லிட்டர் கிண்ணம். குழிவான மூடியைக் கவிழ்த்து, குமிழ் கிண்ணத்துக்கு நேராகத் தொங்கும்படி வைத்தோம். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். விளிம்பைச் சுற்றிக் கோதுமை மாவுப் பசை பூசி, ஒரு விரற்கடை இடைவெளி விட்டோம். மூடிக்கு மேலே ஐஸ். வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸ் காணாது என்பதால் மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டி நான்கு கிலோ வாங்கி, பாலித்தீன் பையில் கட்டி வைத்தோம். மூடிக்கு வெளியேதான் இருக்கிறது, ஆனாலும் உருகிய தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குக்கரில் குழாய் பொருத்தி வடிக்கலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். வேரிலும் பட்டையிலும் நார் உண்டு. அது வாயில் அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிக்கக்கூடும்.

அன்று நான் சொன்ன ஒரு வாக்கியத்தை இங்கே பதிவு செய்தாக வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியது. "எந்த வேர், எந்தப் பட்டையானாலும் இதே முறைதான்."

முதல் வடிப்பு: கீழே போனது

மருமகள் 400 கிராம் வேரை மணல் போக அலசி, விரல் நீளத்துக்கு நறுக்கி, நான்கு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தார். மறுநாள் மிதமான தீயில் மூன்று மணி நேரம். கிடைத்தது 700 மில்லி. முகர்ந்து பார்த்தால் வெட்டிவேர் வாசமே இல்லை, வேகவைத்த கிழங்கு வாசம், ஓரத்தில் கொஞ்சம் தீய்ந்த வாசம். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து முற்றத்தில் கொட்டிவிட்டார்.

அது கெட்டதல்ல. புதிதாக வடித்த நீருக்கு அடுப்பு வாசம் இருக்கும், மூடிவைத்தால் பத்துப் பதினைந்து நாளில் தணிந்துவிடும். வெட்டிவேருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் எண்ணெய் கெட்டியானது, எளிதில் ஆவியாகாது. எண்ணெய் எடுக்கும் ஆலைகளில் ஒரு நாள் முழுக்கவும் அதற்கு மேலும் வடிப்பார்கள். மூன்று மணி நேரத்தில் அதன் லேசான பங்கு மட்டும்தான் வந்திருக்கும்.

இரண்டாம் முறை, வடிந்த நீரைப் புது வேரில் ஊற்றி மறுபடி வடித்தார். இரண்டு வாரம் பொறுத்தார். பாட்டிலைத் திறந்த அன்று எனக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்தார். கோடைமழை விழுந்த மணல் வாசம். முகத்தில் தெளித்துக்கொள்ளவும் தலையணை உறையில் தெளிக்கவும் வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பெரியவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. நன்னாரி வேரும் சரியாகவே வந்தது. வாசம் முழுசாக இறங்கியது, நிறம் வரவில்லை.

பங்குனி: பட்டையும் மகளின் கன்னமும்

அடுத்து சமையல் பட்டை. கடையில் கிடைத்தது தடித்த, ஒரே சுருளாக இருக்கும் கெட்டிப் பட்டை. இலங்கைப் பட்டை மாதிரி மெல்லிய அடுக்காக இருக்காது, காரமும் தூக்கல். 150 கிராம் போட்டு வடித்ததில் நீர் கழுநீர்போலக் கலங்கி வந்தது. வெட்டிவேரை விட வாசம் பல மடங்கு. வெற்றி என்று சந்தோஷப்பட்டார்கள்.

மகளுக்கு முகப்பரு. பட்டை கிருமியைக் கொல்லும் என்று எங்கேயோ கேட்டிருந்ததால், தெளிப்பான் புட்டியில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி இரண்டு கன்னத்திலும் அடித்துக்கொண்டாள். பத்து நிமிடத்தில் எரிச்சல். அரை மணி நேரத்தில் கன்னம் சிவந்து தடித்துவிட்டது. அம்மா உடனே பச்சைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, வேறெதுவும் பூசாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். தேங்காயெண்ணெய் கூடப் பூசவில்லை என்பது நல்ல முடிவு. நான்கு நாளில் சரியாகிவிட்டது. இனிமேல் பட்டைத் தைலம், பட்டை வாசம் சேர்ந்த பற்பசை எதிலும் கவனமாக இருக்கச் சொன்னார் மருத்துவர்.

பட்டை வாசத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு தோலைச் சீண்டும். ஒவ்வாமையும் உண்டாக்கும். அது தண்ணீரை விடக் கனம் என்பதால் புட்டியின் அடியில் துளித்துளியாகத் தங்கும். குலுக்கியதும் அந்தத் துளிகள் நேராகத் தோலுக்குப் போயின. மீதியிருந்த பட்டை நீரை வீடு துடைக்கும் வாளியில் ஊற்றிச் செலவழித்தார்கள்.

அன்றைக்கு நாங்கள் இதைத் தோல் பிரச்சினை என்று மட்டும் பார்த்தோம். பாட்டிலில் இறங்குவது எது என்று அப்போதே உட்கார்ந்து யோசித்திருந்தால் அடுத்தது நடந்திருக்காது.

சித்திரை: மருதம்

மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் அதற்கு நெடுநாள் வழக்கம் உண்டு. பெரியவர் நாட்டு மருந்துக் கடையில் அரைக் கிலோ வாங்கிவந்து, "இதையும் வடிச்சுக் குடும்மா" என்று மருமகளிடம் கொடுத்தார். மருமகளும் வடித்தார். தெளிந்த நீர், லேசான மர வாசம். பாட்டிலில் "மருதம் சத்து" என்று சீட்டு ஒட்டினார். காலையும் இரவும் 50 மில்லி குடிக்க ஆரம்பித்தார் பெரியவர்.

அவர் மாத்திரையை நிறுத்தியது யாருக்கும் தெரியாது. ஏன் நிறுத்தினார் என்பது பின்னால்தான் வெளியே வந்தது. அம்லோடிபின் என்ற அந்த இரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து மாலை வேளையில் கணுக்கால் வீங்கும். செருப்பு வார் பதிந்து தடம் விழும். அந்த மாத்திரைக்கு அப்படியொரு பக்கவிளைவு உண்டு என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திய பத்து நாளில் வீக்கம் வடிந்தது. மருதம் வேலை செய்கிறது என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வைகாசி: தன்னார்வலர் கவனித்தது

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கியதிலிருந்து, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வைகாசிக்கு முந்தைய மாதம் திட்டத்தின் தன்னார்வலர் வந்தபோது பெரியவர் நெய்வேலியில் தன் மகள் வீட்டில் இருந்தார். மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் அந்தப் பெண். இந்த முறை மாத்திரையை வைக்க அலமாரியைத் திறந்தபோது போன மாத அட்டைகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

அவர் எதுவும் கேட்காமல் முதலில் அழுத்தத்தைப் பார்த்தார். 176/102. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். 172/100. முன்பெல்லாம் 134/82 என்ற அளவில் இருந்தது அவருடைய ஏட்டிலேயே எழுதியிருக்கிறது. காலையில் பின்மண்டை வலிக்கிறதா என்று கேட்டதற்கு, ஒரு வாரமாக வலிக்கிறது, வெயில் என்று நினைத்தேன் என்றார் பெரியவர். அப்புறம்தான் அந்தப் பெண் மாத்திரையைப் பற்றிக் கேட்டார்.

அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். ஈசிஜியில் கோளாறு இல்லை. மருத்துவர் கணுக்காலைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். பெரியவர் மாத்திரையை வாங்கிக்கொண்டார், ஆனால் சாப்பிடுவதாகச் சொல்லவில்லை. மாலையில் மருமகள் என் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.

அன்னபேதி

மருதம்பட்டையில் வேலை செய்வதாகக் கருதப்படுகிற பொருட்களில் முக்கியமானவை துவர்ப்புப் பொருள்களும், குலுக்கினால் நுரைக்கிற சபோனின்களும், இவை போன்ற கனமான மூலக்கூறுகளும். இவை ஆவியோடு ஏறாது. வேகும் தண்ணீரிலேயே தங்கிவிடும். ஓமத்தில் வேலை செய்வது தைமால், அது ஆவியோடு ஏறும், அதனால்தான் ஓமத்துக்குத் தீநீர் பொருந்துகிறது. இதைப் பெரியவரிடம் வாயால் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

மறுநாள் மருமகளை மருதம்பட்டை வடிக்கச் சொன்னேன். வடித்து முடித்ததும், பாத்திரத்தின் அடியில் மிஞ்சிய கருஞ்சிவப்பு நீரைக் கொட்டவேண்டாம் என்றேன். "அதைத் தென்னைக்குத்தான் ஊத்துவேன், டீச்சர்" என்றார். ஐந்து வாரமும் அப்படித்தான் போயிருக்கிறது.

மூன்று கண்ணாடித் தம்ளர். ஒன்றில் பாட்டிலிலிருந்த "மருதம் சத்து". ஒன்றில் அடியில் மிஞ்சிய நீர், நிறம் தெரியட்டும் என்று தண்ணீர் கலந்து வெளிற வைத்தது. மூன்றாவதில் வெறும் தண்ணீர். நாட்டு மருந்துக் கடையில் ஐந்து ரூபாய்க்கு வாங்கிய அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்து வைத்தேன். அது ஓர் இரும்பு உப்பு, துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் கறுக்கும். பெரியவருக்கு அன்னபேதி தெரியும். கடுக்காயை வேகவைத்து அன்னபேதி சேர்த்தால் கறுப்பு மை வரும், அவருடைய அப்பா காலத்தில் மண்டிக் கணக்கை அந்த மையில்தான் எழுதினார்களாம். கடுக்காயும் மருதமும் ஒரே குடும்பம் என்று மட்டும் சொன்னேன்.

சொட்டு விடுகிற வேலையை அவரிடமே கொடுத்தேன். வெறும் தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை. பாட்டில் நீரில் விட்டார். ஒன்றும் ஆகவில்லை. தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், இன்னும் நான்கு சொட்டு விட்டார். அப்படியே இருந்தது. அடிநீர்த் தம்ளரில் சொட்டு விழுந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி தோன்றி, நூல் நூலாகக் கீழே இறங்கியது. கரண்டியால் கலக்கியதும் தம்ளர் முழுக்க மைக் கறுப்பு.

வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு அன்னபேதி சேராத அடிநீரில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. பாட்டில் நீரை வாயில் ஊற்றிப் பார்த்தார். "இதுல துவர்ப்பே இல்லையே டீச்சரம்மா" என்றார். மருமகளைப் பார்த்து, "தென்ன மரத்துக்குத்தான் பிரஷர் கொறஞ்சிருக்கும்" என்றார். அவர் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை.

அன்று இரவு மாத்திரையைச் சாப்பிட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அப்படியானால் அடிநீரையே குடிக்கலாமே என்ற கேள்வி உடனே வந்தது. நியாயமான கேள்வி. வேகவைத்து இறுத்து எடுப்பதற்குக் குடிநீர் என்று பெயர், மருதத்துக்கு அதுதான் சரியான வடிவம். சித்த மருத்துவத்தில் உள்மருந்து 32 வகை. அதில் குடிநீர் தனி, தீநீர் தனி. ஆனால் மாத்திரை மாற்றியிருக்கிற சமயத்தில் இரண்டையும் சேர்த்து எடுத்தால், அழுத்தம் குறைந்தால் எதனால் குறைந்தது, கூடினால் எதனால் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது, தேவைக்கு மேல் குறைந்துவிடவும் கூடும். அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கேட்டோம். அழுத்தம் நிலைப்படும் வரை வேண்டாம், அதன் பிறகும் இரண்டு மருத்துவருக்கும் தெரிந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். பெரியவர் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது முடிவு, "சத்து" என்ற சொல்லைச் சீட்டிலிருந்து எடுப்பது. அந்தச் சொல்லைப் பார்த்தால் பட்டையில் இருந்ததெல்லாம் பாட்டிலில் இறங்கிவிட்டது என்றுதான் தோன்றும். பொருளின் பெயர், வடித்த தேதி, "மேலுக்கு மட்டும்" அல்லது "வாசனைக்கு மட்டும்", இவ்வளவுதான் இனி சீட்டில்.

மூன்றாவது, புதிதாக எதை வடித்தாலும் முகத்துக்குப் போவதற்கு முன் முன்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்ப்பது. பட்டையையும் கிராம்பையும் தோல் பக்கமே கொண்டுபோவதில்லை.

ஆனி: பாட்டிலில் நூல்

இதற்கிடையில் வெட்டிவேர் பாட்டிலில் பஞ்சு நூல்போல வெள்ளையாக ஏதோ மிதந்தது. பூஞ்சை. பழைய பிளாஸ்டிக் பாட்டிலை அலசி, ஈரத்தோடு ஊற்றி, ஜன்னல் ஓரம் வைத்திருந்தார்கள். தீநீரைக் கெடாமல் வைக்க அதில் எதுவும் கிடையாது. வேரில் வடித்ததில் எண்ணெய் மிகக் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம் கெடும். முழுவதையும் கொட்டினோம். இப்போது 100 மில்லி கண்ணாடிப் புட்டிகள்தான். கொதிநீரில் போட்டெடுத்து, கவிழ்த்து முழுக்க உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். இரண்டு மாதம்தான் கணக்கு. கண்ணிலோ புண்ணிலோ கைக்குழந்தைக்கோ எந்தத் தீநீரும் கிடையாது.

பிறகு

இரண்டு வாரத்தில் அழுத்தம் 148/88. ஆறு வாரத்தில் 132/80. கணுக்கால் வீக்கம் திரும்பவில்லை. மகளின் கன்னத்தில் தழும்பு எதுவும் இல்லை. மருமகள் வெட்டிவேரும் நன்னாரியும் மட்டும் வடிக்கிறார். அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள், கொடுக்கிறார். ஆனால் விற்பதில்லை.

மறுபடி கற்றுக்கொடுத்தால்

வாலையை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் ஒரு வேலையைச் செய்யவைப்பேன். வேரையோ பட்டையையோ ஒரு துண்டு இடித்து, சுடுதண்ணீரில் போட்டு, தட்டால் மூடி, பத்து நிமிடம் கழித்துத் தட்டைத் திறந்து ஆவியை முகரச் சொல்வேன். பிறகு அந்த நீரில் ஒரு சொட்டை நாக்கில் வைக்கச் சொல்வேன். வெட்டிவேர், நன்னாரி, சுக்கு, வசம்பு, பட்டை எல்லாம் ஆவியிலேயே தெரியும். மருதம், வேலம்பட்டை, ஆவாரம்பட்டை நாக்கில்தான் தெரியும், ஆவியில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. ஆவியில் தெரிவது வாலைக்கு, நாக்கில் மட்டும் தெரிவது குடிநீருக்கு. ஆவியில் தெரிகிறது என்பதாலேயே குடிக்கவோ பூசவோ ஏற்றது என்று ஆகிவிடாது. பட்டை அதற்கு உதாரணம், வசம்பும்தான். இந்தச் சோதனைக்கு 15 நிமிடம் கூட ஆகாது. மாசியிலேயே செய்திருந்தால் மருதம்பட்டை அந்த வாலைக்குள் போயிருக்காது.

இன்னொன்றும் கேட்பேன்: வடிப்பதை யார் எதற்காக எடுக்கப்போகிறார்கள், அவர்கள் இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், அந்த மாத்திரையால் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று. பெரியவரிடம் அந்தக் கடைசிக் கேள்வியை ஒன்பது வருடத்தில் வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

புட்டிச் சீட்டுகளை இப்போது அவர்தான் எழுதுகிறார், அந்தப் பழைய மண்டிக் கையெழுத்தில். தேதிக்குக் கீழே, கொட்ட வேண்டிய தேதியையும் சேர்த்து எழுதுகிறார்.